ஓடும்போதே நின்றுவிடும் பழைய மோட்டார் வண்டி: காரணம் காணும் முறை

முறைக்காய்ச்சல் கண்டவனைக் காய்ச்சல் இல்லாத நாளில் வைத்தியரிடம் அழைத்துச் சென்றால், அவர் நாடியைப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். மறுநாள் நடுப்பகலில் குளிர் நடுக்கம் திரும்பவும் வந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வண்டி வழியில் திடீரென்று நின்று, கால் மணி நேரம் சென்றபின் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்பும் வியாதியும் இத்தகையதே. அடியோடு கெட்டுப்போன யந்திரத்தில் குற்றம் காண்பது எளிது. சில சமயம் மட்டும் கெடும் யந்திரமோ, மெக்கானிக்கின் முன் நிறுத்தப்பட்டவுடன் ஒழுங்காக நடந்து காட்டிவிடும்.

தென் மாவட்டம் ஒன்றிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தார், இலாகா ஏலத்தில் பழைய பெட்ரோல் அம்பாஸிடர் வண்டி ஒன்றை வாங்கினர். செயலாளர் தாலூக்கா நகரத்துப் பாங்கிக்குப் பணம் கொண்டுபோய் வருவதற்கும், அவசர சமயத்தில் அங்கத்தினர் குடும்பத்தாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதற்கும் அது பயன்பட்டு வந்தது. ஓர் இரவில், பிரசவ வேதனை கண்ட பெண்ணொருத்தியை ஏற்றிச் செல்லுகையில், ஊரைவிட்டு ஆறு கிலோமீட்டர் தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃபை அழுத்தினால் எஞ்சின் சுழன்றதேயொழியப் பற்றவில்லை. இருபது நிமிஷம் கழித்துத் தானே பற்றிக்கொண்டது. தாய்க்கும் சிசுவுக்கும் தீங்கு நேரவில்லை யென்பது தெய்வாதீனம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் வண்டியை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்ற விவாதம் எழுந்தது. முந்தைய ஆறு மாதத்தில் அதே வியாதிக்காக மூன்று ரசீதுகள் வந்திருந்தன. முதலில் காயிலை மாற்றினார்கள். பிறகு பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அதன்பின் கார்புரேட்டரையே மாற்றிவிட்டார்கள். அப்போது வயதான அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "செயலாளர் ஐயா, மூன்று சாமான் மாற்றினீர்கள், சரி. கழற்றிப் போட்ட அந்த மூன்றில் எது கெட்டிருந்தது?" என்று கேட்டார். சபையில் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. இப்பாடம் அக்கேள்வியைப் பற்றியதேயாகும்.

மெக்கானிக்கைக் குறைகூற நியாயமில்லை. வண்டி அவரிடம் சென்ற மூன்று முறையும் நன்றாகவே ஓடிற்று. கண்ணுக்குப் புலப்படாத குற்றத்தை அவர் அநுமானத்தால் தேடினார். அத்தேடலுக்குரிய செலவைச் சங்கம் கொடுத்தது. குற்றம் வெளிப்படும் சமயத்தில் வண்டியின் பக்கத்தில் இருப்பவர் டிரைவர் ஒருவரே. ஆதலால் பரீட்சையைத் தொடங்க வேண்டியவரும் அவரே. எஞ்சின் நின்ற முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதைப் பின்பு ஐந்து நாள் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினாலும் தெரிந்துகொள்வது அரிது.

இங்கே கூறப்படுவது காயிலும் பாயிண்டும் கார்புரேட்டரும் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளுக்குப் பொருந்தும். பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸிடர் வண்டிகளில், 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் உடையவை இவ்வகையின. டீஸல் வண்டிக்கும், கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோல் பீய்ச்சும் பிற்கால வண்டிக்கும் முறை வேறு.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குத் தக்க அளவில் காற்றுக் கலந்த பெட்ரோலும், தக்க கணத்தில் அதைக் கொளுத்தும் மின்பொறியும் வேண்டும். எடையால் பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்றுத் தேவை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒன்றும் உடையாமல் நின்று, பின்பு தானே கிளம்புமாயின், பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று சிறிது நேரம் வராமற்போயிருத்தல் வேண்டும். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை காணுமுன் ஒரு திருகாணியைக்கூடத் தொடுதல் கூடாது.

நிற்கும் விதத்திலேயே ஓரளவு குறிப்பு உண்டு. சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் ஒரே கணத்தில் எஞ்சின் ஓய்ந்துவிட்டால், பெரும்பாலும் பொறியின் பக்கமே குற்றம். வண்டி முதலில் இழுவை குறைந்து, திக்கித் திணறி, சற்று ஓடுவதும் இழுப்பதுமாக இருந்து பிறகு நின்றால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் எஞ்சியுள்ள பெட்ரோல் தீருமட்டும் எஞ்சின் தள்ளாடுவதே அதற்குக் காரணம். ஓட்டத்தில் குறையின்றி, சந்திப்புகளில் வேகம் தணிக்கும்போது மட்டும் நிற்குமாயின், ஸ்லோ ஜெட் அடைப்பையோ, கார்புரேட்டருக்குக் கீழேயுள்ள ஜாயிண்டில் காற்றுப் புகுவதையோ பார்க்க வேண்டும். எனினும் இவை குறிப்புகளே, தீர்ப்பு அல்ல. கெட்டுப்போகத் தொடங்கிய கண்டென்ஸர் பெட்ரோல் குறைவைப் போலவே எஞ்சினைத் திணறச் செய்வதுண்டு.

வண்டி நின்றவுடன் செய்ய வேண்டியவை சில உள. முதலாவது உயிர்ப் பாதுகாப்பு. எஞ்சினின் உறிஞ்சு விசை பிரேக்குக்கு உதவும் அமைப்புள்ள வண்டிகளில், எஞ்சின் ஓய்ந்தபின் பிரேக் மிதி கனத்துவிடும். அப்போது விட்டு விட்டு மிதியாமல் ஒரே மிதியாக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். ரயில்வே கேட்டின் தண்டவாளத்தின்மேல் நின்றுவிட்டால், முதலில் ஆட்களை இறக்கிவிட வேண்டும். அதன் பின்னரே வண்டியைத் தள்ளுவதோ, முதல் கியரில் போட்டுக் கிளட்சை மிதியாமல் செல்ஃபைக் கொடுத்து நகர்த்துவதோ உசிதம்.

ஓரத்தில் நிறுத்தியபின் சாவியைத் திருப்பாமலே எதிரிலுள்ள சார்ஜ் விளக்கைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓயும்போது சாவி போட்டபடி இருப்பின் அச்சிவப்பு விளக்கு எரிதல் வேண்டும். எரியாவிட்டால் பாட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறது, அல்லது சாவி ஸ்விட்ச் உட்புறம் தேய்ந்திருக்கிறது என்று கருதி அங்கேயே தேடத் தொடங்கலாம். பார்த்தபின் சாவியை அணைத்துவிட வேண்டும். ஏனெனில் பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயில் வீணே சூடேறும்.

பிறகு பொறியைப் பார்க்க வேண்டும். இதற்கு வண்டியில் எப்போதும் ஒரு மிகை பிளக் இருத்தல் நலம். எங்கேனும் பெட்ரோல் கசிந்து வாடை வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வாடை இருந்தால் இப்பரீட்சை கூடவே கூடாது. இல்லையெனில், காயிலிலிருந்து டெல்கோவின் நடுவே செல்லும் தடித்த வயரை டெல்கோ மூடியினின்று பிடுங்கி மிகை பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடலை எஞ்சினின் சுத்தமான இரும்புப் பாகத்தில், கார்புரேட்டருக்கு எட்டத்தில், கம்பியால் கட்டிவிட வேண்டும். கையால் பிடித்துக்கொள்வது தவறு. பல்லாயிரம் வோல்ட்டு மின்சாரம் அவ்வழியே வரும். மற்றொருவர் செல்ஃபைக் கொடுக்கும்போது பிளக் நுனியில் நீலநிறமான வலுத்த பொறி படபடவென்று வருமாயின், காயிலும் பாயிண்டும் குற்றமற்றவை. பொறி இல்லாவிட்டாலும், மஞ்சளாக நூல்போல் இருந்தாலும், தேடவேண்டிய இடம் மின்சாரப் பக்கமே. இந்தப் பரீட்சை இரண்டு நிமிஷ வேலை. இதை எஞ்சின் ஆறுமுன் செய்ய வேண்டும். வழியில் நின்றவுடன் தேநீர்க் கடையைத் தேடிச் செல்லும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. திரும்பி வருவதற்குள் சாட்சி கலைந்துவிடும்.

நல்ல பொறி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மழை நாளாயின் டெல்கோ மூடியின் உட்புறத்தில் ஈரமோ, மயிரிழை போன்ற கீறலோ இருக்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். காயிலில் பொறி இருந்தும் பிளக்குகளுக்கு எட்டாமற்போவது இதனாலேயே. மழையில்லையேல் பெட்ரோலைத் தொடரலாம். முதற் பரீட்சைக்கு ஆயுதமே வேண்டா. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறக்கும்போது காற்று 'உஸ்' என்று உள்ளே பாய்ந்தால், டேங்குக்குக் காற்று புகும் துவாரம் அடைபட்டது என்பது தெளிவு. வாய்க்குறுகிய பாத்திரத்தைக் கவிழ்த்தால் நீர் தடைப்பட்டு விழுவது போன்றதே இது. மூடியைத் தளர்த்தியவுடன் வண்டி கிளம்புமாயின் வியாதியும் மருந்தும் ஒருங்கே கிடைத்தன.

காற்று பாயவில்லையெனில் டேங்கின் அடியிலுள்ள துருவையும் மண்டியையும் நினைக்க வேண்டும். ஓடும்போது உறிஞ்சலால் இவை குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் ஓய்ந்து உதிர்ந்துவிடுகின்றன. ஆகையால்தான் சற்றுப் பொறுத்தால் வண்டி கிளம்புகிறது. டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போதே அடிக்கடி நிற்கிறது என்று டிரைவரின் குறிப்பில் கண்டால் இச்சந்தேகம் வலுக்கும்.

ரப்பர் குழாய்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது நாட்டில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 10 பங்கு எதனால் கலக்கும் நிலை 2022-ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. 2023 முதல் 20 பங்கு கலந்த பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு எதனால் உற்பத்தி வேண்டிய தொழிலே. எனினும் பழைய வண்டியின் ரப்பர் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. எதனால் பழைய ரப்பரை ஊதவும் மெலியவும் செய்யும். டேங்கில் நெடுங்காலம் படிந்த மண்டியைக் கரைத்துக் கிளப்பும். காற்றிலுள்ள ஈரத்தையும் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் வழுவழுப்பாக இருக்கும் குழாய் உள்ளே தோலுரிந்து, அத்தோல் ஒரு வால்வு போல் வழியை அடைப்பதுண்டு. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாய் உறிஞ்சலுக்கு உட்பட்டது. அதில் சிறு வெடிப்பிருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே புகும். ஆதலால் கசிவில்லை என்பதைக் கொண்டு குழாய் நல்லதென்று முடிவு கட்டலாகாது. எதனாலுக்கு ஏற்ற குழாய் என்று கேட்டு வாங்கி, பழைய குழாய்கள் யாவற்றையும் ஒருமுறை மாற்றிவிடுவது, நிதானித்துப் பாராமல் சாமான் மாற்றலாகாது என்ற நமது விதிக்கு விலக்காகக் கொள்ளத்தக்கது.

சித்திரை வைகாசி வெயிலில் நெரிசலான வீதியில் மெல்ல ஊர்ந்தபின் நிற்கும் வண்டிக்குப் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுவது காரணமாகலாம். ஆவியை இந்தப் பம்பால் தள்ள முடியாது. மெக்கானிக்குகள் இதை 'ஏர் லாக்' என்பார்கள். நனைந்த துணியைப் பம்பின்மேல் போட்டுக் குளிர்வித்தபின் வண்டி உடனே கிளம்பினால் அது உறுதிப்படும். பம்பின் டயாபிரம் ஓட்டையாயிருந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்கக்கூடும். எண்ணெய்க் கோலை உருவி முகர்ந்தால் வாடையே சொல்லிவிடும். அவ்வாடை வந்தால் வண்டியை ஓட்டாமல் பம்பையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும்.

இனி, பொறி வராத வண்டி. காயிலில் இரண்டு சுருள்கள் உள்ளன. பாட்டரியின் 12 வோல்ட்டு மின்சாரம் தடித்த சுருள் வழியே சென்று, டெல்கோவினுள் உள்ள பாயிண்டைக் கடந்து எஞ்சின் உடலில் சேர்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அவ்வோட்டம் அறுந்து, மெல்லிய சுருளில் பொறிக்கு வேண்டிய பெருவோல்ட்டு எழுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நிமிஷத்துக்கு 4,000 முறை திறந்து மூட வேண்டியிருக்கிறது. முற்கூறிய 1,489 எஞ்சினில் அதன் திறப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, அதாவது சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு.

இங்கே குற்றம் காண, 12 வோல்ட்டுச் சிறு பல்பு ஒன்றும் இரண்டு முழ வயரும் போதும். பல்பின் ஒரு வயரை எஞ்சின் இரும்பில் பொருத்திச் சாவியைப் போட்டு, மற்றதைக் காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் டெர்மினலில் தொட வேண்டும். எரியாவிட்டால் காயிலுக்கே மின்சாரம் வரவில்லை. எரிந்தால், டெல்கோவுக்குச் செல்லும் மற்ற டெர்மினலில் தொட்டுக்கொண்டு, டெல்கோ மூடியைத் திறந்து பாயிண்டைப் பார்க்க வேண்டும். வண்டியை மேல் கியரில் போட்டுச் சிறிது தள்ளினால் பாயிண்ட் திறந்து மூடும். பாயிண்ட் திறந்திருக்கையில் பல்பு எரியவும், மூடியிருக்கையில் அணையவும் வேண்டும். மூடியபோதும் எரிந்துகொண்டேயிருந்தால் பாயிண்டின் வழி மின்சாரம் போகவில்லை; அழுக்கு அல்லது அறுந்த வயர் காரணம். திறந்தபோதும் எரியாவிட்டால் டெல்கோவுக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு அதே டெர்மினலைத் தொட வேண்டும். அப்போது எரிந்தால் டெல்கோவினுள்ளோ கண்டென்ஸரிலோ மின்சாரம் இரும்பில் இறங்கிவிடுகிறது. அப்போதும் எரியாவிட்டால் காயிலின் சுருள் அறுந்தது. சூடேறியபின் மட்டும் அறுந்து, ஆறியபின் ஒட்டிக்கொள்ளும் காயில்கள் உண்டு. அவற்றைச் சூடாக இருக்கும்போதன்றி அகப்படுத்த இயலாது.

சங்கத்து வண்டியின் கதைக்குத் திரும்புவோம். பொதுக்கூட்டத்தார் விற்பனையை ஒரு மாதம் ஒத்திவைத்து, வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகமும் மிகை பிளக்கும் சோதனைப் பல்பும் வைக்கத் தீர்மானித்தனர். நின்ற நேரம், ஓடிய தூரம், வெயிலா மழையா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, மேடா பள்ளமா, நிற்கும் கணத்தில் கால் எங்கே இருந்தது ஆகியவற்றை டிரைவர் எழுதி வந்தார். கடைசிக் கேள்வியைச் சேர்த்தவர் முன்பு கேள்வி கேட்ட அதே முதியவர். அவர் நெடுங்காலம் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓட்டியவராம்.

ஒரு மாதத்தில் ஐந்து முறை வண்டி நின்றது. வெயில், மழை, பெட்ரோல் அளவு ஆகிய எதிலும் ஒற்றுமையில்லை. ஐந்து முறையும் எஞ்சின் ஒரே கணத்தில் ஓய்ந்தது. ஐந்தில் நான்கு முறை, டிரைவர் ஆக்ஸிலரேட்டரில் காலை மாற்றி வைத்த சமயம். ஐந்தாம் முறை அவர் உடனே பானெட்டைத் திறந்து பார்த்தார். பிளக்கில் பொறியில்லை. பாயிண்ட் மூடியிருந்தும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. டெல்கோவின் பாயிண்ட் தட்டை விரலால் சிறிது அசைத்தார். பல்பு அணைந்தது. மீண்டும் அசைத்தார். எரிந்தது.

காரணம் இது. டெல்கோவின் பக்கத்தில் ஒரு சிறு உறிஞ்சு டப்பா இருக்கிறது. கால் அழுத்தத்துக்குத் தக்கவாறு எஞ்சினின் உறிஞ்சல் மாறும்போது அது பாயிண்ட் தட்டை முன்னும் பின்னும் சிறிது திருப்பிப் பொறியின் காலத்தைச் சரிப்படுத்துகிறது. தட்டோடு சேர்ந்து, பாயிண்டுக்கு வரும் சிறு வயரும் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிர்கிறது. பல வருஷம் வளைந்த அவ்வயர் மேலுறை கெடாமல் உள்ளே அறுந்திருந்தது. தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டன; மற்றொரு நிலையில் பிரிந்தன. வண்டியை நிறுத்திவைத்து மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு வயர் முழுசாகவே தோன்றும். மூன்று சாமான்களை மாற்றியும் பயனில்லாமற்போனது இதனாலேதான்.

மாற்றுவதற்கு விரல் நீள வயர் போதும். ஆனால் வீட்டு மின்சார வேலைக்குரிய ஒற்றைக் கம்பி வயரைப் போடலாகாது. சில வாரங்களில் வளைந்து மறுபடி ஒடியும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த மென்மையான வயரே வேண்டும். டெல்கோவுக்கென்றே அவ்வயர் விற்கிறார்கள். தட்டை டெல்கோ உடலோடு இணைக்கும் எர்த் வயரும் அதே விதமாய் வளைவதால் அதையும் கூடவே மாற்றினார்கள். மாற்றியபின் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தவில்லை. மூன்று மாதம் எழுதி வந்ததில் வண்டி ஒருமுறையும் நிற்கவில்லை என்று கண்டபிறகே, விற்பனைத் தீர்மானம் பொதுக்கூட்டத்தில் கைவிடப்பட்டது.

முன்பு கழற்றிய மூன்று சாமான்களையும் செயலாளர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கி வந்தார். காயிலைப் பழையபடி மாட்டி ஒரு நாள் முழுதும் ஓட்டிப் பார்த்ததில் குறையொன்றும் தென்படவில்லை. பம்பும் அவ்விதமே. கார்புரேட்டரின் ஜெட்டுகளில் சிறிது அழுக்கு மட்டும் இருந்தது. மூன்றையும் சுத்தம் செய்து, சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் மிகைச் சாமான் என்று பதிந்து, டிக்கியில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.